இருபத்தோராம் வார்டும் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியும்

ஜனவரி 27, திங்கள்

கூட்டுறவுச் சங்கத்தில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த டைரி இது. "இனிமே நீயே எழுது. கூட்டத்துல நடக்கிறத ஒண்ணு விடாம எழுதிட்டு வந்து எனக்கு வாசிச்சுக் காட்டு" என்று என்னிடம் தள்ளிவிட்டார். இந்த மாத நகர்மன்றக் கூட்டத்துக்கு அவர் துணைக்கு வரவில்லை. வாயுத் தொல்லை. நாலைந்து நாளாக வயிறு கல்லாகக் கிடக்கிறதாம்.

இருபத்தோராம் வார்டுக்கு இரண்டு முறை கவுன்சிலராக இருந்தவர் அவர். வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் என்னை நிறுத்தினார். போஸ்டரில் என் படம் தபால்தலை அளவு, அவர் படம் தாம்பாளம் அளவு. ஜெயித்தவள் ஆவுடையம்மாள், மாலை விழுந்தது குத்தாலிங்கம் கழுத்தில். இந்த மூன்று வருஷத்தில் மன்றத்தில் நான் வாயைத் திறந்தது டீ குடிக்கவும் கொட்டாவி விடவும்தான்.

இன்றைக்குப் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி விஷயம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய நகராட்சி ஆஸ்பத்திரி. பாதி ஊர் அங்கே பிறந்ததுதான். பைபாஸ் பக்கம் புதிதாகக் கட்டிய பிறகு இதைப் பூட்டிப்போட்டார்கள். பழைய கட்டடங்களைக் காப்பாற்ற அரசாங்கத்தில் ஒரு திட்டம் வந்திருக்கிறதாம். பெரும்பங்கை அவர்கள் தருவார்கள். மீதியை நகராட்சி தன் பொது நிதியிலிருந்து போடுவதாக மார்ச் முடிவதற்குள் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அந்த நிதி வேறு ஊருக்குப் போய்விடும். கட்டடத்தை இடித்துக் கடைகளும் வண்டி நிறுத்துமிடமும் கட்ட இன்னொரு யோசனை தயாராக இருக்கிறது. ஆளாளுக்குக் கத்திவிட்டு, முடிவெடுக்காமல் எழுந்தார்கள்.

வாசித்துக் காட்டினேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "யார் யாரு வேணும்னா, யாரு வேண்டாம்னா? பேரு சொல்லு" என்று துளைத்தார். புறா எச்சம் நாறுகிற அந்தக் கட்டடத்துக்கா இத்தனை ஆட்டம் என்று எனக்கு எரிச்சல். சொல்லவில்லை. ராத்திரி கஞ்சி மட்டும் குடித்தார்.

பிப்ரவரி 3, திங்கள்

தெருவில் பேச்சியம்மாள் குடத்தோடு வழிமறித்தாள். "ஏ கவுன்சிலரம்மா, தண்ணி வந்து எட்டு நாளாச்சு. செத்துப்போன ஆஸ்பத்திரிக்குத் துட்டு போடப் போறீகளாமே. உயிரோட இருக்கவளுக ஒங்க கண்ணுக்குத் தெரியலயோ?"

அவள் கேட்டதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

வந்து இவரிடம் சொன்னேன். "நியாயந்தான கேக்கா" என்றார். "குழாய்க்கு வேற நிதி இருக்கு. போன வருசமே நான் மனு குடுத்திருக்கேன், சீக்கிரம் வந்துரும். இதச் சொன்னா அவளுக்குப் புரியும். நீதான் போய்ச் சொல்லணும்."

அவர் பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட ஆணியைச் சுடவைத்தேன். மெலிந்தது நல்லதுதான். சர்க்கரை குறையும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கண் மஞ்சளாக இருக்கிறது. காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 15, சனி

ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் என்னைப் பார்த்து, "கூட வேற யாரும் வரலையாம்மா?" என்றார். ஏன், நான் ஒருத்தி போதாதா? பிறகு மகள் வடிவின் நம்பரை வாங்கி ஓசூருக்குப் போன் போட்டு இங்கிலீஷில் பேசினார். பேசும்போது என் பக்கம் பார்க்கவே இல்லை.

வடிவு லீவு போட்டுவிட்டு வருகிறாளாம். பேரப்பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிற நேரத்தில் இவளுக்கு என்ன அவசரம் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ஆஸ்பத்திரியைப் பார்க்க வேண்டும் என்று காலையிலிருந்து நச்சரிப்பு. "எந்த ஆஸ்பத்திரிங்க? நேத்துதான போயிட்டு வந்தோம்" என்றேன். அது இல்லையாம். வடிவு ஆட்டோ பிடித்தாள்.

வாசல் கேட் பூட்டியிருந்தது. உள்ளே உடைந்த குப்பை வண்டிகளைக் கொண்டுவந்து குவித்திருக்கிறார்கள். சுவரில் அரசங்கன்று வேர்விட்டிருந்தது. ஆனாலும் அந்த நீள வராந்தாவும் வளைவுகளும் அப்படியே நிற்கின்றன. ஒரு வெடிப்பு இல்லை. நான் வடிவைப் பெற்ற கூடமும் தெரிந்தது.

இவர் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. மாடியில் கடைசி ஜன்னலைக் காட்டினார்.

"அந்த ஜன்னல் பக்கத்துக் கட்டில்லதான் எங்கம்மா கெடந்தா. என்னப் பெத்துட்டு அன்னைக்கே போயிட்டா."

அவர் பிறந்தபோதே அம்மா போனது எனக்குத் தெரியும். சித்திதான் வளர்த்தாள். ஆனால் அடுத்து அவர் சொன்னது எனக்குத் தெரியாது.

"எங்கம்மாவுக்குப் படம் கெடையாது ஆவுடை. ஒண்ணுகூட. நான் அழுதா எங்க சித்தி இந்தத் தெருவுக்குக் கூட்டிட்டு வந்து, அந்தா உங்கம்மான்னு அந்த ஜன்னலைக் காட்டுவா. எல்லாப் பயலும் படத்துக்கு மாலை போடுதான். எனக்கு ஜன்னல்தான்."

வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் ஒன்று கேட்டேன். வடிவு பிறந்த அன்று மற்ற ஆண்கள் எல்லோரும் வராந்தாவில் உட்கார்ந்திருக்க, இவரை மட்டும் காணவில்லை. பிள்ளை பிறக்கிற நேரத்தில் டீக்கடைக்குப் போன மனுஷன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். கல்யாண வீடுகளில் சொல்லி நாலு பேரைச் சிரிக்கவைத்திருக்கிறேன். "அன்னைக்கு எங்க போனீங்க?" என்றேன்.

"இங்கதான் நின்னேன். இதே எடத்துல. உள்ள வர முடியல."

அப்போதே சொல்லியிருக்கலாமே. நான் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் சும்மா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் இருக்கிறாரே என்றுகூட நினைக்கவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

கூட்டம். மறுபடி கூச்சல், ஒரு பகுதியினர் வெளிநடப்பு. ஆஸ்பத்திரி விஷயம் மார்ச் 28ஆம் தேதிக் கூட்டத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு தள்ள இடமில்லை.

வாசிக்கும்போதே இவர் தூங்கிவிட்டார்.

மார்ச் 6, வியாழன்

யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். எட்டாம் வார்டு மரியபுஷ்பம் வீட்டுக்குப் போனேன். என்னைவிட இளையவள், நன்றாகப் பேசுவாள். வேண்டாம் என்கிற கூட்டத்தில் இருக்கிறாள். இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமம். அவள் இந்தப் பக்கம் வந்தால் தேறும் என்று இவர் படுத்தபடியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

"அக்கா, எங்க வார்டுல சாக்கடை வீட்டுக்குள்ள வருது. எனக்கு ஓட்டுப் போட்ட சனத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றாள்.

"நானும் எங்க வீட்ல அதத்தான் கேட்டேன்" என்றேன். அவளுக்கு ஆச்சரியம். அரசாங்கம் தருகிற பெரும்பங்கு சாக்கடைக்கு வராது, நாம் விட்டால் அது ஊரைவிட்டே போய்விடும் என்று இவர் சொன்னதைச் சொன்னேன். கட்டடத்தைச் சரிசெய்து தாய்சேய் நல மையமும் நூலகமும் நடத்தலாம் என்றும் சொன்னேன். அவள் மசியவில்லை. கடைசியில் ஜன்னல் கதையைச் சொன்னேன். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

மரியபுஷ்பம் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பிறகு, "நானும் அங்கதான்க்கா பொறந்தேன். நீங்க வாங்க, நானும் கை தூக்குதேன்" என்றாள். "ஆனா நீங்க வரணும். நீங்க இல்லாம நான் மட்டும் தூக்கினா ஒண்ணும் ஆவாது."

வரும் வழியில் பேச்சியம்மாளிடம் குழாய் நிதி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். "வரட்டும் பாப்போம்" என்றாள். அரசியல் இவ்வளவுதானா? இதற்கா அந்த மனுஷன் இருபது வருஷம் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு அலைந்தார்!

மார்ச் 13, வியாழன்

வடிவு சென்னைக்குக் கொண்டுபோவோம் என்கிறாள். இங்கே டாக்டர், "வீட்லயே வச்சுக்கோங்க, புடிச்சதச் சாப்பிடக் குடுங்க" என்று சொல்லிவிட்டாரே. வீட்டுச் சாப்பாடுதான் நல்லது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. அவியல் வைத்தேன். வாசனை பிடித்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

வடிவு அடுக்களையில் உட்கார்ந்து அழுகிறாள். வெங்காயம் நறுக்கவில்லை. நான் கேட்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

சேர்மன் அருமைநாயகம் பார்க்க வந்தார். இவரை அண்ணாச்சி என்றும் என்னை மதினி என்றும் கூப்பிடுவார். கட்சி வேறுதான், ஆனால் இவரிடம் அரசியல் படித்தவர். இவரைப் பார்த்ததும் வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்றுவிட்டார். பிறகு தேற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஆஸ்பத்திரி…" என்றார் இவர்.

"முதல் பொருளா அதத்தான் எடுக்கேன் அண்ணாச்சி. ஓட்டுக்கு விடுதேன். மெஜாரிட்டி வந்தா அன்னைக்கே அனுப்பிருவோம். நீங்க ஒடம்பப் பாருங்க."

போகும்போது வாசலில் என்னிடம், "மதினி, தைரியமா இருங்க" என்றார். நான் தைரியமாகத்தான் இருக்கிறேன். எல்லோரும் எதற்கு இதையே சொல்கிறார்கள்?

மார்ச் 23, ஞாயிறு

பேச்சு குறைந்துவிட்டது. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, இருவத்தெட்டாம் தேதி என்னப் பாத்துட்டு நிக்காத. நான் எப்படிக் கெடந்தாலும் போயிரு" என்றார்.

"நீங்களும் வாங்க" என்றேன். சிரித்தார்.

மார்ச் 26, புதன்

விடியும்போது போய்விட்டார். பால் வந்தது. வாங்கி உள்ளே வைத்தேன்.

மார்ச் 27, வியாழன்

நேற்றுச் சாயங்காலம் எடுத்தோம். இன்று எலும்பு பொறுக்கிப் பால் ஊற்றிக் காடாத்து முடிந்தது. மன்றத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள், வேண்டும் என்றவர்கள், வேண்டாம் என்றவர்கள் எல்லோரும். சேர்மன் தோள் கொடுத்துத் தூக்கினார்.

புற்றுநோய் என்று இன்றைக்கு எழுதுகிறேன். எனக்கு முன்பே தெரியும். எழுதினால் அவருக்கு வாசித்துக்காட்ட வேண்டுமே என்று எழுதவில்லை.

நாளைக்குக் கூட்டத்துக்குப் போகிறேன் என்றதும் அவர் சித்தி மகள் சொர்ணம் குதித்தாள். "தாலி கழட்டி முழுசா மூணு நாள் ஆகல. பதினாறு கழியாம வாசப்படி தாண்டுவாளா ஒருத்தி? ஊர் காறித் துப்பும் மதினி."

"துப்பட்டும்" என்றேன்.

வடிவு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். "அத்த, அம்மா போயிட்டு வரட்டும். அப்பா சொல்லிட்டுத்தான் போயிருக்காக."

மார்ச் 28, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும்.

வெள்ளைச் சேலையில் போனேன். தெருவில் கதவுகள் திறந்து மூடின. பேச்சியம்மாள் மட்டும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு முக்குவரை கூடவே வந்தாள்.

நான் மன்றத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்கென்று அங்கே யாரும் இதுவரை எழுந்து நின்றதில்லை. மரியபுஷ்பம் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். என் மனதில் ஒரே ஒரு நினைப்புதான். முதல் பொருள் ஆஸ்பத்திரி. கையைத் தூக்க வேண்டும். தூக்கிவிட்டு வீட்டுக்குப் போய் அழ வேண்டும்.

சேர்மன் எழுந்தார். கண் சிவந்திருந்தது. இருபத்தோராம் வார்டு முன்னாள் உறுப்பினர் குத்தாலிங்கத்தின் மறைவுக்கு இரங்கல் தீர்மானம் வாசித்தார். அவர் எப்படி மழைநீர் ஓடையைத் தூர்வாரினார், எப்படித் தெருவிளக்குக்குப் போராடினார் என்றெல்லாம் சொன்னார். எல்லாம் உண்மை. இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றோம். நானும் தலையைக் குனிந்து நின்றேன். அடுத்தது ஆஸ்பத்திரி, அடுத்தது ஆஸ்பத்திரி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

சேர்மன் மறுபடி வாசித்தார். "அன்னாருக்கு மரியாதை செலுத்தும் விதமாக இன்றைய கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது."

நாற்காலிகள் நகர்ந்தன. எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும், "தம்பி, பொருளை எடுங்க" என்றேன்.

சேர்மன் மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். "மதினி, முன்னெல்லாம் பதவில இருக்கவங்களுக்கு மட்டுந்தான் இந்த மரியாதை. மாஜி உறுப்பினருக்கும் சபையை ஒத்திவைக்கணும்னு சண்டை போட்டு வாங்கினதே அண்ணாச்சிதான். அவுகளுக்கே செய்யாம விட்டா நாங்க மனுசங்களா?"

"வேண்டாம் தம்பி. இன்னைக்கு வேண்டாம். ஓட்டுக்கு விடுங்க."

இரண்டு நாளாகத் தூங்காமல் வந்தவர்களிடம் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. சொன்னது ஒப்பாரியாகத்தான் வெளியே வந்திருக்கும். பெண் உறுப்பினர்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். மரியபுஷ்பம் என் தலையைத் தன் தோளில் சாய்த்து அழுத்தினாள். "அழுதுருங்கக்கா, அழுதுருங்க" என்றாள். நான் அழவில்லை. ஓட்டுக்கு விடு என்று கத்திக்கொண்டிருந்தேன்.

வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அவள் திடீரென்று என்னை விட்டுவிட்டு வாயைப் பொத்தினாள். "ஐயோ, தேதி!" என்று உள்ளே ஓடினாள். சேர்மன் வந்தார். ஆணையர் வந்தார். ஒத்திவைத்ததாகப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்றாம். திரும்பக் கூட்ட வேண்டுமானால் உறுப்பினர்களுக்கு மூன்று நாள் முன்னால் அறிவிப்புக் கொடுக்க வேண்டுமாம். சட்டம். நாளை சனி, மறுநாள் ஞாயிறு, திங்கள் ரம்ஜான். அத்தோடு மார்ச் முடிந்தது.

சேர்மன் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தோணவே இல்லையே மதினி. அண்ணாச்சி போயிட்டாகங்கிறது மட்டுந்தான் மனசுல இருந்துச்சு."

சூழ்ச்சியாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். அவர் மேல் உள்ள பாசத்தில் செய்திருக்கிறார்கள். யாரை என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்ததும், "என்னம்மா, பாஸ் ஆச்சா?" என்று வடிவு கேட்டாள். நான் அவருடைய கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டேன். அப்போதுதான் அழுகை வந்தது.

மார்ச் 31, திங்கள்

சேர்மன் மேலிடத்தில் யார் யாருக்கோ போன் போட்டாராம். விடுமுறை. யாரும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. அந்த நிதி வேறு ஊருக்குப் போய்விட்டது என்று தாள் வந்துவிட்டதாம். சேர்மன் வந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"மதினி, கட்டடத்த இனி நிறுத்த முடியாது. ஆபத்தான கட்டடம்னு எஞ்சினியர் எழுதிட்டார். ஆனா எனக்கு மனசு ஆறல. அங்க வருத வண்டி நிறுத்துமிடத்துக்கு அண்ணாச்சி பேர வைக்கிறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன். எல்லாக் கட்சியும் சம்மதிச்சாச்சு. காலத்துக்கும் அவுக பேரு நிக்கும்."

அவர் கண்ணில் தண்ணீர். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. பாயசம் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

ஏப்ரல் 30, புதன்

காலையில் வடிவு ஓசூருக்குப் போனாள். நான் மன்றத்துக்குப் போனேன்.

எங்கள் வார்டுக் குழாய்ப் பணிக்கான தீர்மானம் நிறைவேறியது. நிதி வந்துவிட்டது. நானும் எல்லோரோடும் சேர்ந்து மேசையைத் தட்டினேன். பேச்சியம்மாளிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

அடுத்து பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியை இடிப்பது, அங்கே கட்டும் கடைகளுக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் குத்தாலிங்கம் பெயர் சூட்டுவது. இரண்டும் ஒரே தீர்மானமாக வந்தது. சேர்மன் வாசித்து முடிப்பதற்குள் மேசைகள் அதிர்ந்தன. எழுத்தர் ஏகமனதாக என்று எழுதக் குனிந்தார்.

நான் கையைத் தூக்கினேன்.

"மதினி நன்றி சொல்லப் போறாக, மைக்கைக் குடுங்க" என்றார் சேர்மன்.

மைக் வந்தது. "நான் இத எதிர்க்கேன்" என்றேன்.

"மதினி, இது அண்ணாச்சிக்கு மரியாதை…" என்று சேர்மன் மெதுவாகச் சொன்னார்.

"தெரியும் தம்பி. நீங்க நல்ல மனசோடதான் செய்யுதீக. ஆனா அவுக அம்மா செத்த எடத்துல ஸ்கூட்டர் நிறுத்துததுக்கு அவுக பேர வைக்காதீக."

சேர்மன் உட்கார்ந்துவிட்டார். மரியபுஷ்பம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கையைத் தூக்க வேறு யாரும் இல்லை. தீர்மானம் நிறைவேறியது.

எழுத்தர் என் மேசைக்கு வந்து குனிந்தார். "நடுநிலைன்னு போட்டுரட்டுமாம்மா? அண்ணாச்சி விசயத்துல எதிர்ப்புன்னு இருந்தா நல்லாருக்காது."

"எதிர்ப்புன்னே எழுதுங்க. பேரும் போடணும்ல?"

"ஆமாம்மா. திருமதி குத்தாலிங்கம்னு போடவா?"

"ஆவுடையம்மாள்னு போடுங்க" என்றேன்.